வியர்வை காய்கிறதா? புழுக்கமும் வெயிலும்: வாசகர் கேள்வி பதில்

வெயிலைப் பற்றி மலேசியாவின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்குமேல் உண்மையில் புழுக்கத்தைப் பற்றியவை. அவற்றில் ஏழு கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கைப்பேசியில் 33 டிகிரி என்றும், அதன் கீழேயே ‘உணரும் வெப்பம் 41’ என்றும் காட்டுகிறது. மதுரையில் இருக்கும் என் சித்தப்பா மகன், “இங்கே நிஜமாகவே 40. நீங்கள் 33க்கே புலம்புகிறீர்களா?” என்று கேலி செய்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, செந்தூல்

அவர் வீட்டில் மண்பானை இருந்தால் அதையே சாட்சிக்குக் கூப்பிடுங்கள். மதுரையில் சித்திரை மாத மதியம் 40 டிகிரி, ஈரப்பதம் 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பானைத் தண்ணீர் 25 டிகிரி வாக்கில் சில்லென்று இருக்கும். அதே பானையைச் செந்தூலில் 33 டிகிரி, 65 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தால் 28ஐத் தொடுவதற்கே திணறும். பானைச் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போதுதான் உள்ளேயிருக்கும் சூடு வெளியேறுகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவிக்கு இடமில்லை.

நம் உடம்பும் கசியும் பானைதான். 1 லிட்டர் வியர்வை தோலின் மேலேயே முழுதாக ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் சூட்டைக் கொண்டுபோகும். சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடம்பு ஆறேழு மணி நேரத்தில் உண்டாக்கும் சூடு அவ்வளவு. கல் சுமப்பவர் அதை ஒன்றரை மணி நேரத்தில் உண்டாக்கிவிடுவார். இங்கே ‘ஆவியானால்’ என்பதுதான் முக்கியம். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் ஒரு பயனும் இல்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். சட்டை நனைந்தபடியே இருக்கிறதா, காய்கிறதா என்று பாருங்கள். எந்தச் செயலியையும்விட அது நேர்மையான அளவுகோல்.

மதுரை 40ஐ லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தோலின் சூடு 35 டிகிரி அளவில் இருக்கும். அதைத் தாண்டிய காற்று உடம்பைச் சுடவே செய்யும். அங்கே தெரியாமலே தண்ணீர் வற்றும், இங்கே வடிய வடிய வடிந்தும் சூடு இறங்காது. ஆபத்து இரண்டிலும் உண்டு, வரும் வழிதான் வேறு.

இன்னொன்று: அந்த 41 நிழலில், லேசான காற்றில் இருப்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் நின்றால் அதற்கு மேல் 8 டிகிரி வரை கூடலாம். கூரைமேல் நிற்பவருக்கு அந்த எண் ஆறுதலான பொய்.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டினால் மனிதன் பிழைக்க முடியாது என்று படித்தேன். அதைத் தமிழ்ப்பள்ளி மாணவர்களைக் கொண்டு அளக்க முடியுமா? எந்த எண் வந்தால் திடல் விளையாட்டை நிறுத்தலாம்?
— ஆசிரியர், பட்டர்வொர்த்

அளக்கலாம், செலவும் அதிகமில்லை. குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, நீர் ஆவியாவதால் இறங்கிக் காட்டும் எண்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை. ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி வெப்பமானிகள் வேண்டும். முதலில் இரண்டையும் ஒரே குவளைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். அரை டிகிரி வித்தியாசம் இருந்தால் குறித்துவைத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பிறகு ஒன்றின் குமிழில் பழைய பருத்தி வேட்டித் துண்டை ஒரே சுற்றாகச் சுற்றி நூலால் கட்டுங்கள். புதுத் துணியில் கஞ்சிப் பசை இருக்கும், தண்ணீரை இழுக்காது. நன்றாகக் கொதிக்கவைத்து அலசியபின் பயன்படுத்தலாம். துணியின் வால் ஒரு சிறு புட்டியில் முங்கியிருக்கட்டும். புட்டிக்கும் குமிழுக்கும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு படிந்தால் சில நாள்களிலேயே துணி விறைத்து எண் கூடுதலாகக் காட்டும்.

இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு மேசை மின்விசிறியை வேகமாக வையுங்கள். ஐந்து நிமிடத்தில் ஈரக்குமிழின் எண் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அந்த மிகக் குறைந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது. மாணவர்கள் செய்யும் வழக்கமான தவறு, விசிறியை மறந்துவிடுவது. அப்போது உண்மையைவிட இரண்டு டிகிரி கூடக் காட்டக்கூடும்.

35 என்பது 2010இல் ஷெர்வுட், ஹியூபர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்ன எல்லை. அந்த நிலையில் நிழலில், காற்றோட்டத்தில், சும்மா இருந்தாலும்கூட உடம்பால் சூட்டை வெளியேற்ற முடியாது. ஆனால் 35 வரை பயமில்லை என்று அதைப் புரிந்துகொள்வது பெரிய தப்பு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வெப்ப அறையில் வைத்துச் சோதித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், லேசான வேலை செய்தபோதே ஈரக்காற்றில் 30, 31 டிகிரியில் உடல்சூடு கட்டுமீறி ஏறத் தொடங்கியது. முதியவர்களுக்கு எல்லை இன்னும் கீழே.

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். 33 டிகிரியும் 65 விழுக்காடும் சேர்ந்தால் ஈரக்குமிழ் 27.5. மழை பெய்து ஓய்ந்து வெயில் திரும்பும்போது 32 டிகிரியும் 80 விழுக்காடும் சேர்ந்தால் 29. வெப்பமானி ஒரு டிகிரி இறங்கியிருக்கிறது, உடம்புக்கோ நிலைமை மோசமாகியிருக்கிறது. “மழை பெய்துவிட்டது, இனி ஓடலாம்” என்று திடலில் இறக்கிவிடும் பழக்கம் நம் பள்ளிகளில் உண்டு. அதை முதலில் விட வேண்டும்.

திடலுக்கு இன்னும் பொருத்தமான அளவு, ஈரத்தையும் வெயிலையும் சேர்த்துப் பார்க்கும் டபிள்யூபிஜிடி (WBGT). 1950களில் அமெரிக்கப் படைவீரர்களின் பயிற்சிக்காக உருவானது. வெயிலும் காற்றும் படும் இடத்தில் வைத்த ஈரக்குமிழ் எண்ணில் 0.7 பங்கு, கறுப்புச் சாயம் பூசிய உருண்டைக்குள் வைத்த வெப்பமானியின் எண்ணில் 0.2 பங்கு, சாதாரண நிழல் வெப்பத்தில் 0.1 பங்கு, மூன்றையும் கூட்டினால் வருவது. ஈரத்துக்கு எவ்வளவு பெரிய பங்கு கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். அமெரிக்கப் பள்ளி விளையாட்டுகளில் இந்த எண் 32, 33ஐத் தாண்டினால் பயிற்சியையே ரத்து செய்வது பரவலான நடைமுறை. கையடக்கக் கருவி கிடைக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கோப்பைகளுக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கலாம் என்பது எங்கள் கருத்து.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35 முதல் 37 வரை போனால் முதல் நிலை, 37 முதல் 40 வரை என்றால் இரண்டாம் நிலை வெப்ப அலை, 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. 2016 ஏப்ரலில் பெர்லிஸ், கெடா பள்ளிகளை மூடும் அளவுக்கு வெயில் ஏறியபோது இப்படிப்பட்ட அளவுகள்தான் பேசப்பட்டன. இந்த நிலைகளில் ஈரப்பதத்துக்கு இடமே இல்லை. எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளிலும் பிள்ளை மயங்கி விழலாம்.

கூரை வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து நான்கு பேரை எடுத்தேன். வெயிலில் வளர்ந்தவர்கள்தானே என்று முதல் நாளே முழு வேலை கொடுத்தோம். இரண்டாம் நாள் ஒருவர் மயங்கி விழுந்தார். தண்ணீர் நிறையத்தான் வைத்திருந்தோம். எங்கே தவறு?
— சிறு குத்தகையாளர், கெப்போங்

முதல் நாள் முழு வேலை கொடுத்ததுதான் தவறு. வெயிலுக்குப் பழகுவது பிறந்த ஊரைப் பொறுத்ததில்லை, போன இரண்டு வாரங்களைப் பொறுத்தது. பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும், அதிகம் வியர்க்கும், அந்த வியர்வையில் உப்பைக் குறைத்து விடும், இதயம் நிதானமாக அடிக்கும். இந்த மாற்றம் வர 7 முதல் 14 நாள் ஆகும். ஊரில் ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, விமானத்தில் வந்து, மறுநாள் துத்தநாகத் தகட்டின்மேல் ஏறியவருக்கு அந்த அவகாசம் கிடைக்கவே இல்லை.

அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு எளியது. புதியவருக்கு முதல் நாள் வெயிலில் 20 விழுக்காடு நேரம்தான், பிறகு நாளுக்கு 20 கூட்டி ஐந்தாம் நாள் முழு வேலை. இதே வேலையில் பழக்கமுள்ளவர் விடுப்பு முடிந்து திரும்பினால் 50, 60, 80, 100 என்று நான்கு நாளில் ஏற்றலாம். பத்து மணி நேர வேலை என்றால் புதியவருக்கு முதல் நாள் கூரையில் இரண்டு மணி நேரம். மீதி நேரம் கீழே நிழலில் தகடு வெட்டட்டும், சாமான் அடுக்கட்டும்.

தண்ணீர் வைத்திருந்தீர்கள், சரி. எங்கே வைத்திருந்தீர்கள்? கீழே லாரியில் இருந்தால் கூரையில் இருப்பவர் இறங்கி வந்து குடிக்க மாட்டார். 15, 20 நிமிடத்துக்கு ஒரு குவளை, அதாவது 240 மில்லி, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மேல் எல்லையும் உண்டு: மணிக்கு 1.4 லிட்டருக்கு மேல் போனால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே உயிருக்கு ஆபத்தாகும். தலைவலியும் வாந்தியும் வந்தவரை “இன்னும் குடி, இன்னும் குடி” என்று கட்டாயப்படுத்துவது இதனால்தான் தப்பு. நேரத்துக்குச் சாப்பிடுபவருக்கு உப்பு மாத்திரை தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வியர்த்தால் ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் நல்லது. பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் குத்துமதிப்பாக அள்ளிப் போட வேண்டாம்.

இரவில் எங்கே படுத்தார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். இரும்புக் கொள்கலனைத் தொழிலாளர் தங்கும் கொங்சி வீடாக்கி எட்டுப் பேரை அடைத்தால் உள்ளே விடியும்வரை சூடு இறங்காது. முந்தைய நாள் சூட்டோடும் தூக்கக் குறையோடும் ஏறுபவர்தான் பெரும்பாலும் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் விழுகிறார். சிறுநீர் கறுத்த கோப்பி நிறத்தில் போனால் தசை சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள்; ஓய்வு கொடுத்துப் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மலேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2016இலேயே வேலையிட வெப்ப நெருக்கடிக்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, வாங்கிப் படியுங்கள். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளர், முதலாளி அதை நீக்கத் தவறினால் அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். “சோம்பேறி” என்று திட்டி மேலே ஏற்றும் கங்காணிக்கு இதைப் புரியவையுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் ஏர்கோன் வைக்க வசதியில்லை. தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் வாங்கினேன். முதல் பத்து நிமிடம் சுகம், அப்புறம் முன்பைவிட மோசம். இயந்திரத்தில் கோளாறா?
— வாசகர், செராஸ்

இயந்திரம் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, ஊர்தான் அதற்கு ஒத்துவரவில்லை. ஏர் கூலர் என்பது மின்விசிறி வைத்த மண்பானை. உங்கள் அறை 31 டிகிரி, 75 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் 27.3. வீட்டு ஏர் கூலர் இந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்தாலே பெரிது. அதாவது காற்று 28.5க்கு வரும், ஈரப்பதம் 90ஐ எட்டும். சன்னலை மூடிவைத்திருந்தால் அதே ஈரக்காற்றே மறுபடி மறுபடி சுற்றும். பத்து நிமிடச் சுகத்துக்கும் அதற்குப் பிறகு வந்த புழுக்கத்துக்கும் காரணம் இதுதான். தொட்டியைக் காலி செய்துவிட்டு வெறும் விசிறியாக ஓடவிடுங்கள்.

விசிறியே போதுமா என்றால், நம் ஊரில் பெரும்பாலும் போதும். காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போதுதான் விசிறி வெந்நீர் ஊற்றுவது போல ஆகும். கோலாலம்பூர் வீட்டுக்குள் அந்த நிலை அரிது. ஈரமான துணியால் கை, கழுத்து, முதுகைத் துடைத்துவிட்டு விசிறிக்கு முன் உட்காருங்கள். தண்ணீர் அறைக்காற்றில் பரவாமல் உங்கள் தோலில் இருந்தே ஆவியாக வேண்டும், அதுதான் சூட்சுமம். இரவில் வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்தபின் ஒரு விசிறியைச் சன்னல் பக்கம் திருப்பி உள்சூட்டை வெளியே தள்ளுங்கள், எதிர்ச் சன்னலைத் திறந்துவையுங்கள். துணி உலர்த்துவதும் சோறு வடிப்பதும் படுக்கும் அறைப் பக்கம் வேண்டாம்.

ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வாங்கலாமா என்று அடுத்த கடிதம் வரும். அது எடுத்த ஈரத்துக்கு ஈடான சூட்டையும் தன் மின்சாரச் சூட்டையும் அதே அறையில் விட்டுவிடும். பூஞ்சைக்கு நல்லது, படுக்கைக்கு அல்ல.

தைப்பூசத்தில் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நாங்கள் பந்தல் போடுகிறோம். வருடா வருடம் யாராவது மயங்கி விழுகிறார்கள். அருள் வந்து விழுந்தவரா, வெயிலில் விழுந்தவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மருத்துவ வண்டி வரும்வரை என்ன செய்யலாம்?
— தொண்டர்கள், ஜெலுத்தோங்

தைப்பூச நேரம் பினாங்கில் மழை குறைந்து வானம் வெளுத்திருக்கும் காலம். விரதம் இருந்த உடம்பு, வெறுங்கால், தார்ச்சாலை, தோளில் காவடி, சுற்றிலும் காற்றை மறிக்கும் கூட்டம். சூடு ஏறுவதற்கு வேண்டிய எல்லாம் அங்கே ஒன்றுசேர்ந்திருக்கிறது.

அருளா வெயிலா என்ற தயக்கத்தில்தான் நேரம் வீணாகிறது. கூட வந்தவர்களைக் கேளுங்கள். அவரை அவர்களுக்குத் தெரியும். விபூதி பூசி இறக்கியபின்னும் பெயர், ஊர் கேட்டால் பதில் குழறுகிறதா, கால் பின்னுகிறதா, வாந்தியா, வலிப்பா, நெஞ்சும் முதுகும் தொட்டால் கொதிக்கின்றனவா? அப்படியென்றால் ஹீட் ஸ்ட்ரோக், அதாவது உடல்சூடு கட்டுமீறி மூளையைத் தாக்கும் நிலை, என்றே முடிவெடுத்து வேலையைத் தொடங்குங்கள். தப்பாகக் கணித்துக் குளிர்ந்த நீரை ஊற்றிவிட்டால் நட்டம் பெரிதில்லை, கணிக்காமல் விட்டால் உயிர் போகும். “வியர்க்கிறதே, அப்படியானால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லை” என்று சொல்பவரை நம்பாதீர்கள். நடந்து, சுமந்து விழுந்தவர் நனைந்த உடம்போடுதான் இருப்பார். கொரோனா காலத்து நெற்றித் துப்பாக்கியும் உதவாது. ஈரத் தோலில் அது 36, 37 என்று காட்டும், உள்ளே 41 இருக்கும்.

999க்கு ஒருவர் அழைக்கட்டும், மற்றவர்கள் உடனே குளிரவைக்கத் தொடங்குங்கள். அரை மணி நேரத்துக்குள் உடல்சூட்டை 40க்குக் கீழே இறக்குவதில்தான் மூளையும் ஈரலும் சிறுநீரகமும் தப்பிப்பது இருக்கிறது. பந்தலில் முன்கூட்டியே ஒரு பெரிய தார்ப்பாய், இரண்டு ஐஸ் பெட்டி, இரண்டு டசன் துண்டு, 150 லிட்டர் தண்ணீர் தயாராக இருக்கட்டும். தார்ப்பாயில் கிடத்தி, நான்கு ஓரத்தையும் ஆள்கள் தூக்கிப் பிடித்துத் தொட்டி போலாக்கி, தண்ணீரும் ஐஸும் கொட்டி மெல்ல ஆட்டுங்கள். ஒருவர் தலைமாட்டில் இருந்து முகம் தண்ணீருக்கு மேலே இருப்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அலகு குத்தியவரை அது கழற்றப்படாமல் தார்ப்பாயில் போடாதீர்கள்; கழற்றத் தெரிந்தவர் கழற்றும்வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், தலை, கழுத்து, அக்குள், தொடை என்று ஐஸ் துண்டுகளைப் போர்த்துங்கள். துண்டை ஒருமுறை போட்டுவிட்டு மறந்தால் இரண்டு நிமிடத்தில் அது வெதுவெதுப்பான போர்வையாகிவிடும். எடுத்து ஐஸ் பெட்டியில் முக்கி, அடுத்ததைப் போட்டு, மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். துண்டு இரண்டு டசன் கேட்டது அதற்குத்தான்.

நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அது தீர்த்தமாக இருந்தாலும். பெனடோல் (பாரசிட்டமால்) வேண்டாம், இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை இந்தச் சூட்டைத் தொடாது, ஏற்கெனவே அடிபட்ட ஈரலை மேலும் படுத்தும். சுற்றி நிற்பவர்களை விலக்கிக் காற்று வரவிடுங்கள். பேச்சு தெளிந்து, உடம்பு நடுங்கத் தொடங்கினால் தண்ணீரிலிருந்து எடுக்கலாம். எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். உள்ளுறுப்புச் சேதம் மறுநாள்தான் தெரியவரும்.

வெயிலில் இருந்து வந்ததும் ஐஸ் தண்ணீர் குடித்தால் இரத்தக் குழாய் வெடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
— வாசகி, பாயான் லெபாஸ்

வெடிக்காது. மடக்கென்று குடித்தால் நெற்றி ஒரு நிமிடம் வலிக்கலாம், வயிறு பிடிக்கலாம். தாராளமாகக் குடியுங்கள். அந்தச் செய்தியை உங்களுக்கு அனுப்பிய மாமாவுக்கும் இதைத் திருப்பி அனுப்புங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. இரத்த அழுத்த மாத்திரை, நீர் போகும் மாத்திரை, இன்சுலின் எல்லாம் உண்டு. பகலில் வீட்டில் தனியாக இருக்கிறார். வெயில் காலத்தில் மாத்திரையைக் குறைக்கலாமா? மின்சாரம் போனால் இன்சுலினை என்ன செய்வது?
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். ஆனால் வெயில் ஏறும் பங்குனி, சித்திரைக்கு முன் மருத்துவரிடம் பட்டியலைக் காட்டி இதே கேள்வியைக் கேளுங்கள். நீர் மாத்திரை உடம்பை வற்றவைக்கும்; சில அழுத்த மாத்திரைகள் இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கும்; சளிக்கு வாங்கும் தூக்கம் வரும் மாத்திரைகளில் சில வியர்வையையே குறைக்கும். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை, கடையில் வாங்கியது என்பதால். வயதானால் தாகமும் மங்கிவிடும். “அம்மா, தண்ணி குடிச்சீங்களா?” என்று தொலைபேசியில் கேட்டால் “குடிச்சேன்பா” என்றுதான் வரும். காலையில் புட்டியில் அளந்து வைத்துவிட்டு மாலையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அந்த அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

திறக்காத இன்சுலின் குளிர்பெட்டியில், 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறைய விடக்கூடாது. திறந்து பயன்பாட்டில் இருப்பது பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் தாங்கும், உறையில் உள்ள அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போன மதியம் அறை 32 ஆனால் மண்பானை உதவும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், இன்சுலின் நனையாத பையில், மேலே ஈரத்துணி, நிழலில் காற்று வரும் இடம். மதுரைக் குளிர்ச்சி வராது. 28, 29தான் வரும், அந்தப் புட்டிக்கு அது போதும். மழைக்குப் பிந்தைய புழுக்கத்தில் அதுவும் வராமல் போகலாம் என்பதால் பானைக்குள் ஒரு வெப்பமானியைப் போட்டுவையுங்கள். 30ஐத் தாண்டினால் பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டிதான் வழி.